அவள் வாசித்தாள், நாங்கள் டைப் அடித்தோம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். எழுத உட்காருவேன், பாதியில் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பேன். இதில் வருகிறவர்கள் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். பெரம்பலூர் என்ன மெட்ராஸா? காய்கறிக் கடையில் எதிர்ப்பட்டாக வேண்டும். கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்கார்ந்தாக வேண்டும். சிறுவாச்சூர் ஆத்தாவிடம் திங்களும் வெள்ளியும் போய் நின்று கேட்டேன். உத்தரவு கிடைத்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கும்பிட்டுவிட்டு வந்தேன், அவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பிள்ளை, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையாம், அவள் லாகினில் இவள்தான் வேலையை முடித்துக் கொடுக்கிறாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இனிமேல் தள்ளிப்போடுவது பாவம் என்று தோன்றி உட்கார்ந்துவிட்டேன். என் பெயரைத் தவிர மற்ற பெயர்களை மாற்றியிருக்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவள், அதற்கு மேல் டைப்ரைட்டிங் ஹையர் மட்டும்.

மெஷின் வீட்டுக்கு வந்தது

என் பெயர் தனலட்சுமி. குரும்பலூரில் வீடு. பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் சென்டர் இருந்தது. சென்னைக் கம்பெனி ஒன்றின் கிளை. ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் க்ளெய்ம் வேலை. நோயாளி கையால் நிரப்பிய ஃபாரம், டாக்டர் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில் எல்லாம் ஸ்கேன் ஆகித் திரையின் ஒரு பக்கம் வரும். அதை இமேஜ் என்போம். இன்னொரு பக்கம் கட்டங்கள் இருக்கும். பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். நாளுக்கு இத்தனை இமேஜ் என்று டார்கெட். அடித்ததைச் சரிபார்க்க க்யூசி என்று தனியாக ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும். தப்பு இருந்தால் எரர் என்று திருப்பி அனுப்புவார்கள்.

எங்கள் வரிசையில் நாலு பேர். நான்தான் மூத்தவள். பாடாலூரிலிருந்து வரும் ஜெயந்தி, அவள் வீட்டுக்காரர் ஹைவேயில் பஞ்சர் கடை வைத்திருந்தார். லாரி டயர் வெடித்தால்கூட அவ்வளவு சத்தம் வராது, அப்படி ஒரு வாய் அவளுக்கு. டவுனிலேயே இருக்கும் நஜ்மா, பேச்சு குறைவு, வேலை சுத்தம். நாலாவது பரமேஸ்வரி, பரமு என்போம். பூலாம்பாடிக்கு அந்தப் பக்கம் சின்ன ஊர். அவள் அம்மா, அம்மாவைப் பெற்றவள் எல்லாரும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். அவர்கள் தெருவில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் பொம்பளை பரமுதான். புருஷன் திருப்பூர் போனவன் போனவன்தான். அம்மாவும், பள்ளிக்கூடம் போகிற ஒரு மகளும் அவள் சம்பளத்தில் சாப்பிட்டார்கள்.

கொரோனா வந்தபோது சென்டரைப் பூட்டி, ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டரைக் குட்டியானை வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டித்தான் சுவிட்ச் போட்டேன். பரமு வீட்டுக்குத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனதாம். அவள் அம்மா, கோழி ஏறிவிடும் என்று மேலே ஒரு பழைய புடவையைப் போர்த்திவிட்டார்களாம்.

தனியாக உட்கார்ந்து அடிப்பது எங்களுக்கு ஒத்துவரவில்லை. போனில் கான்ஃபரன்ஸ் கால் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். ஒருத்தி வீட்டுக் குக்கர் விசில் நாலு வீட்டிலும் கேட்கும். நஜ்மாவின் மாமியார், மருமகள் காலையிலிருந்து யாரோடோ முணுமுணுக்கிறாள், ஓதிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். டாக்டர்கள் கிறுக்கல் புரியாவிட்டால் பரமுவைத்தான் கேட்போம். எப்படித்தான் படிப்பாளோ, பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். ஜெயந்தி சும்மா இருக்க மாட்டாள்.

"ஏண்டி பரமு, மெட்ராஸ் டாக்டர் எழுத்தயெல்லாம் வாசிக்கிற. திருப்பூர் போனவன் மனச வாசிக்கத் தெரியலயே ஒனக்கு."

"அது வெறும் பேப்பரு ஜெயந்தி. எழுதியிருந்தாத்தானே வாசிக்க" என்பாள் பரமு.

அந்த நாட்களில் நன்றாகவே இருந்தோம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மாத்தாள்

எங்கள் பக்கம் சின்ன வெங்காயம், மக்காச்சோளம், பருத்தி. கூலி கொடுக்க வசதி இல்லாத வீடுகள் மாத்தாளுக்குப் போவார்கள். இன்றைக்கு என் காட்டு வேலைக்கு நீ வா, நாளைக்கு உன் காட்டுக்கு நான் வருகிறேன். உனக்கு முடியாவிட்டால் உன் மகளை அனுப்பு. யார் கை செய்தது என்று யாரும் கேட்பதில்லை, வேலை நடந்ததா என்பதுதான்.

பரமு வீட்டில் குத்தகைக்குக் கொஞ்சம் காடு இருந்தது. பக்கத்து வீட்டார் வந்து வெங்காயம் அறுத்துக் கொடுத்திருந்தார்கள். அதற்கு ஈடாக அவர்கள் மக்காச்சோளம் அடிக்கிற அன்று பரமுவின் அம்மா போக வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை, லீவு. பரமு போனாள். கதிரை மெஷினுக்குள் தள்ளும்போது வளையல் மாட்டிக்கொண்டது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டன. மற்ற விரல்கள் இருந்தும் மடங்கவில்லை. திருச்சி வரை கொண்டுபோய்ப் பார்த்தார்கள். நரம்பு போய்விட்டது, இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் செய்தாள். குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"யக்கா, களை வெட்ட ஆகாது. வெங்காயம் அறுக்க ஆகாது. நூறு நாள் வேலைக்கும் கை வேணும். டைப்பும் போச்சு. மிச்சம் என்ன வேலக்கா இருக்கு எனக்கு?"

மற்ற இரண்டு பேரையும் அதே போன் காலில் சேர்த்தேன். இன்-சார்ஜ் இளங்கோ சாரிடம் சொல்லிவிடலாம் என்றேன் நான். ரெஸ்ட் எடும்மா என்று நல்ல வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டு மெஷினைத் திருப்பி எடுத்துக்கொள்வார்கள், அப்புறம் யார் கூப்பிடப்போகிறார்கள் என்றாள் ஜெயந்தி. அதுவும் நடக்கக்கூடியதுதான். முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று இப்போது கேட்டால் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி சொல்லுவோம். எனக்கு நினைவிருக்கிறபடி ஜெயந்திதான் சொன்னாள், இதுவும் மாத்தாள் மாதிரிதானே, அவளுக்கு ஆகாதபோது நாம் செய்வோம், நமக்கு ஆகாதபோது அவள் செய்யட்டும் என்று. நஜ்மா உடனே சரி என்றாள். நானும் சரி என்றேன். நாலு பேரில் ஒருத்திக்குக்கூட அது திருட்டு என்று தோன்றவில்லை. கோயில் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், தோன்றவே இல்லை.

அவள் பாஸ்வேர்டை எங்களுக்குக் கொடுத்தாள். எங்கள் வேலையை முடித்துவிட்டு, முறை வைத்து அவள் லாகினைத் திறந்து அடித்தோம். ஆனால் பரமு சும்மா வாங்கிச் சாப்பிடுகிறவள் இல்லை. கைக்கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள், கைதானே போச்சு, கண் இருக்கிறது, எழுத்தை நான் வாசிக்கிறேன், நீங்கள் அடியுங்கள் என்று. இமேஜைப் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவோம். அவள் போன் காலில் வாசிப்பாள். டைப்ரைட்டிங் கற்றவர்களுக்குத் தெரியும், ஒருத்தர் சொல்லச் சொல்ல அடிப்பதற்கும், நாமே எழுத்துக்கூட்டிப் பார்த்து அடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று. அவள் லாகினுக்கு மட்டும் இல்லை, எங்கள் மூன்று பேருடைய கஷ்டமான இமேஜ்களையும் அவளே வாசித்தாள். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை தொண்டை கட்டிப்போகிற மாதிரி வாசிப்பாள். வெந்நீர் குடித்துவிட்டு மறுபடியும் வாசிப்பாள்.

எங்கள் வரிசைக்கு எரர் வருவது நின்றே போயிற்று. சென்னையிலிருந்து பாராட்டி மெயில் வந்தது. நாலு பேர் பெயரும் அதில் இருந்தது.

ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள்

நோய் அடங்கி ஊர் திறந்த பிறகும் கொஞ்ச காலம் வீட்டிலிருந்தே ஓடியது. பிறகு ஹைப்ரிட் என்று ஒரு வார்த்தை வந்தது. வாரத்தில் திங்களும் வெள்ளியும் சென்டர், மற்ற நாள் வீடு. எனக்கு முதலில் சந்தோஷம்தான். ஆத்தா கோயில் கதவு திறக்கிற நாளும் அதே இரண்டு நாள். பாடாலூர் பஸ்ஸில் வரும் ஜெயந்தி வழியில் இறங்கிக் கும்பிட்டுவிட்டுக் குங்குமம் கொண்டுவருவாள்.

பரமுவுக்கு அந்த இரண்டு நாளும் நரகம். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு வருவாள். மெஷினில் பட்ட காயம், ஆறிக்கொண்டு வருகிறது என்று இன்-சார்ஜிடம் சொல்லியிருந்தோம். திங்கட்கிழமை பாதி நேரம் மீட்டிங்கில் போய்விடும். மீதி நேரம் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பாள். பக்கத்து சீட்டில் நான். அவள் நெற்றியில் வேர்வை வழிவதைப் பார்ப்பேன், என் கை ஓடாது.

வீட்டில் இருக்கிற நாள் அவள் லாகினில் மலை மாதிரி வேலை, ஆபீஸில் இருக்கிற நாள் கைப்பிடி அளவு. கம்ப்யூட்டர் இதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை இளங்கோ சார் என்னைத் தண்ணீர் கேன் பக்கம் கூப்பிட்டார். நல்ல மனுஷர். என்னைவிடச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, பரமேஸ்வரி விஷயம் ஒங்ககிட்ட நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கேட்டா நீங்க சொல்லுவீங்க. சொன்னா நான் மேல எழுதணும்."

அத்தோடு போய்விட்டார். அவருக்குத் தெரிந்திருந்தது என்று அன்று புரிந்தது. அன்றே நான் மூன்று பேரையும் உட்கார வைத்து, நாமாகப் போய்ச் சொல்லிவிடுவோம் என்றேன். ஜெயந்தி என்னைக் கடித்துக் குதறினாள். பரமு மட்டும் கெஞ்சினாள், இடது கையால் வீட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கொஞ்ச நாள் பொறு அக்கா என்று. அவள் மகளோடு போட்டி வைத்துப் பழகுகிறாளாம். அதைக் கேட்ட பிறகு நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கொஞ்ச நாளுக்குள் அடுத்த மெயில் வந்தது. இனி எல்லாரும் எல்லா நாளும் சென்டருக்கு வர வேண்டும். வீட்டுக் கணக்கும் ஆபீஸ் கணக்கும் ஒத்துப்போகாதவர்களைச் சென்னையிலிருந்து ஹெச்ஆர் மேடம் நேரில் வந்து உட்கார வைத்து ஸ்பீடு டெஸ்ட் பார்ப்பார்.

மாடிப்படி

மேடம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உரக்கடைக்கு மேலே போகும் படியில் ஒரு திருப்பம் இருக்கும். யூரியா வாடை அங்கே எப்போதும் அடிக்கும். அந்தத் திருப்பத்தில் பரமு எங்களை நிறுத்தினாள். நன்றாகத் தலை வாரிப் பூ வைத்திருந்தாள்.

"நான் பாத்துக்கறேன். எங்கூருல ஒரு பையனுக்குக் காசு குடுத்து அடிக்க வெச்சேன்னு சொல்லிர்றேன். ஒங்க மூணு பேருக்கும் ஒண்ணும் தெரியாது. ஒருத்தியோட போவட்டும்."

"பொய் சொல்லச் சொல்றியா பரமு?" என்று கேட்டாள் நஜ்மா.

"ஒன்ன எங்க பொய் சொல்லச் சொன்னேன்? தெரியாதுன்னு தலைய ஆட்டு. அது கூடவா முடியாது எனக்காக?"

நஜ்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவள் வாய் ஏதோ ஓதியது. ஜெயந்தி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பரமு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். ஆட்டியது நிஜம்.

கையெழுத்து

மேடம் சின்ன வயசு. அதட்டவில்லை, மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை. பரமு உட்கார்ந்தவுடன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, டெஸ்ட் வேண்டாம், என்ன ஆச்சு சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். பரமு படியில் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறாள். பையன் பேரைக் கேட்டதற்கு, அவன் வெளிநாடு போய்விட்டான் என்றாளாம். பிறகு எங்களை ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார்கள். ஜெயந்தி போனாள், தெரியாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். நஜ்மா போனாள், தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். வந்தவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் போனேன். பரமு அந்த அறையிலேயே ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். இங்கிலீஷில் ஒரு தாளை நீட்டினார் மேடம். எனக்கு இங்கிலீஷ் அடிக்க வரும், படித்துப் பொருள் சொல்ல அவ்வளவாக வராது. தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். பரமேஸ்வரி வீட்டிலிருந்த காலத்தில் எந்த வேலையும் செய்யவில்லை, வெளியாளை வைத்துக் கம்பெனியை ஏமாற்றிச் சம்பளம் வாங்கினார், கூட வேலை பார்த்தவள் என்ற முறையில் இதற்கு நான் சாட்சி.

பேனாவை எடுத்தேன். கை போகவில்லை.

"அக்கா, சைன் பண்ணிட்டுக் கிளம்புங்க. ஒங்க மேல ஒண்ணும் இல்ல."

"இதுல அவ வேலையே பாக்கலன்னு எழுதியிருக்கே மேடம்."

"பாக்கலையே அக்கா. அவங்களே ஒத்துக்கிட்டாங்க. டைப் பண்ணது அவங்க இல்ல."

"டைப் பண்ணது நாங்க. வேலை பாத்தது அவளும்தான்."

"நாங்கன்னா?"

வாயிலிருந்து வந்துவிட்ட பிறகுதான் என்ன வந்தது என்று எனக்குத் தெரிந்தது. பரமு ஓரத்திலிருந்து யக்கா என்றாள், மெதுவாக. நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பாதி உண்மை நிற்கும், அது இன்னும் மோசம் என்று நினைத்தேன். அவள் கை போனது, மாத்தாள், பாஸ்வேர்ட், வாட்ஸ்அப், அவள் வாசித்தது, நாங்கள் அடித்தது எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வரிசைக்கு எரர் இல்லாமல் போனதற்குக் காரணம் அவள்தான் என்றும் சொன்னேன்.

மேடம் என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடி வைத்தார்.

"யாரோ ஒருத்தருக்கு என்ன நோய்னு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கீங்க. அது ஒங்க வீட்டு விஷயம் இல்லக்கா, அவங்க விஷயம். இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் ஒருத்தருக்குச் சர்க்கரை என்றால் தெருவுக்கே தெரியும், அவர் காப்பியில் சர்க்கரை போடாமல் கொடுப்பதே ஊர்தான். அந்தப் பழக்கத்தில் முகம் தெரியாத மனுஷர்களின் சீக்கையும் நாங்கள் பொதுச் சொத்தாக நினைத்துவிட்டோம். அந்த இமேஜ்களில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாலு பேர் சார்பாகவும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அன்று மாலைக்குள் நாலு பேருக்கும் வேலை போயிற்று. பரமுவுக்கும் எனக்கும் லாகின் விவகாரத்துக்காக. ஜெயந்திக்கும் நஜ்மாவுக்கும் அதோடு பொய்ச் சாட்சி என்று ஒன்று சேர்ந்துகொண்டது. என் உண்மைதான் அவர்களைப் பொய்க்காரிகள் ஆக்கியது. அதோடும் முடியவில்லை. இனிமேல் எங்கள் சென்டரில் எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் வீட்டிலிருந்து வேலை இல்லை என்று உத்தரவு வந்தது. கைக்குழந்தைக்காரிகள், பஸ் வராத ஊர்க்காரிகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டார்கள்.

படி இறங்கும்போது ஜெயந்தி என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒன் சாமிகிட்ட நீ நல்ல பேரு வாங்கிட்ட. எம் புள்ளைங்களுக்கு நான் என்னத்த வாங்கிட்டுப் போவேன்?"

நஜ்மா அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பரமு பூலாம்பாடி பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் கீழே நின்றேன். பஸ் கிளம்பும்வரை முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஆட்டோ ஓட்டுகிறவர், அதிகம் பேச மாட்டார். சொன்னது சொன்னதுதான், சோற்றைப் போடு என்றார். போட்டேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஊர் வாயை மூட முடியுமா? நோயாளிகள் பெயரை நாங்கள் வெளியில் விற்றோம் என்றார்கள். இன்சூரன்ஸ் பணத்துக்காகப் பரமு தன் கையைத் தானே மெஷினில் விட்டாள் என்றுகூடப் பேசினார்கள். க்ளெய்ம் சென்டரில் வேலை பார்த்தவள் அல்லவா, அவளுக்குத் தெரியாத வழியா என்று சிரித்தார்களாம். அந்தப் பேச்சு வந்த பிறகு வேறு எந்தக் கடையிலும் அவளைக் கணக்கெழுதக்கூட எடுக்கவில்லை.

அரியலூர் பஸ் ஸ்டாண்டு

பரமு வீட்டைக் காலி செய்துவிட்டு அரியலூரில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர். பார்க்கப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. தாலுகா ஆபீஸ் எதிரில் ஒரு கடையில் மனு டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டு நாட்களை ஓட்டினேன்.

ஒரு புரட்டாசிச் சனிக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவித்துவிட்டு அரியலூர் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பாத்ரூம் போகலாம் என்று போனால் வாசலில் மேஜை போட்டுக் காசு வாங்கிக்கொண்டிருந்தது பரமு. இளைத்துக் கறுத்துப் போயிருந்தாள். வலது கை மடியில் இருந்தது, இடது கை சில்லறை எண்ணிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உட்காருக்கா என்று ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டாள்.

அவள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகள் பத்தாவதோடு நின்று ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அண்ணன் பெண்டாட்டி இது வரைக்கும் சோற்றைக் குறைத்ததில்லை, வார்த்தையைத்தான் கூட்டுகிறாள். இதெல்லாம் அவளாகச் சொன்னது, வருகிறவர் போகிறவரிடம் காசு வாங்கிக்கொண்டே. பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"எதுக்குக்கா சொன்ன?"

"நீ வேலையே பாக்கலன்னு என் கையால எழுதச் சொன்னாங்க பரமு. என்னால ஆவல."

ஒரு கிழவருக்குச் சில்லறை கொடுத்து அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"எழுதியிருந்தா எனக்கு என்னக்கா கொறஞ்சிருக்கும்? நான் வேலை பாத்தது எனக்குத் தெரியாதா? ஜெயந்திக்கு வேலை இருந்திருக்கும். நஜ்மாவுக்கு இருந்திருக்கும். ஒனக்கும் இருந்திருக்கும். மூணு பேருல யாராச்சும் ஒருத்தி எம் மவள படிக்க வெச்சிருப்பீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவளே, கோவமெல்லாம் இல்லக்கா, ஆனா எனக்கு நல்லது பண்ணிட்டதா மட்டும் நெனச்சுக்காத என்றாள்.

பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. பெருமாள் பிரசாதத்தை எடுத்து நீட்டினேன். சாமி பிரசாதத்தை இடது கையில் வாங்கக் கூடாது என்று வலது கையை நீட்டினாள். அந்த விரல்களில் துளசி நிற்கவில்லை, கீழே விழுந்துவிட்டது. ஈரத் தரை. குனிந்து இடது கையால் எடுத்து, முந்தானையில் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பெரம்பலூர் பஸ் வந்தது. போயிட்டு வரேன் என்றேன். சரி என்றாள்.

பிள்ளைகளுக்கு

அன்று அந்த அறையில் நான் செய்தது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆத்தாவும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரியும். காட்டில் மாத்தாளுக்குப் போனால் காட்டுக்காரருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். வெயிலில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடக்கிற காரியம் அது. நாங்கள் அதைக் கதவை மூடிக்கொண்டு திரைக்குப் பின்னால் செய்தோம். ஒளித்துச் செய்த பிறகு அது எவ்வளவு அன்பாக இருந்தாலும் மற்றவர் கண்ணுக்குத் திருட்டுதான்.

இன்னொன்று, அதுதான் என்னை அறுக்கிறது. சரிபார்க்கிற க்யூசி சீட்டுக்குக் கண்தான் முக்கியம். சரி, தப்பு என்று ஒரு எழுத்து தட்டினால் போதும், இடது கை தாங்கும். அவள் கை போன அன்றே நாலு பேரும் சேர்ந்து போய், இவளுக்கு அந்த சீட்டைக் கொடுங்கள் சார் என்று இளங்கோ சாரிடம் கேட்டிருக்கலாம். கொடுத்திருப்பார்களா, தெரியாது. ஆனால் கேட்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. எங்களை மாதிரி வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்குக் கொடுத்த நாற்காலியில் உட்காரத்தான் தெரியும், எனக்கு அந்த நாற்காலி வேண்டும் என்று கேட்கத் தெரியாது. நீங்கள் கேளுங்கள். கூட வேலை பார்க்கிறவளுக்கு ஒன்று ஆகிவிட்டால், அவள் பாஸ்வேர்டை வாங்காதீர்கள். அவளைக் கூட்டிக்கொண்டு போய் அன்றைக்கே கேளுங்கள். இல்லை என்று சொன்னால் இல்லை. அதற்குப் பிறகு என்ன உதவி செய்தாலும் வெளிச்சத்தில் செய்யலாம்.

இதை யாருக்காவது அனுப்ப நினைத்தால் தாராளமாக அனுப்புங்கள், இருக்கிறபடியே அனுப்புங்கள். உருக்கமாக இருக்கட்டும் என்று பரமு அழுததாகச் சேர்க்காதீர்கள், அவள் ஒரு தடவைகூட என் முன்னால் அழவில்லை. மேடத்தைக் கெட்டவர் ஆக்காதீர்கள். என்னை நல்லவள் ஆக்காதீர்கள். ஜெயந்தியும் நஜ்மாவும் தெரியாது என்று சொன்ன இடத்தை மட்டும் தனியாக வெட்டி அனுப்பாதீர்கள், யாருக்காகச் சொன்னார்கள் என்பதும் கூடவே போகட்டும். நீளமாக இருக்கிறது என்று எதைச் சுருக்கினாலும், பரமு வேலை பார்த்தாள் என்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.